ஒரே ஓட்டையில் மூன்று குண்டு

ஆரின் ஹௌக்லன்ட் துப்பாக்கி மருந்து நிறுக்க உட்கார்ந்தால் வீட்டில் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். ஹீட்டர் ஊதும் காற்றில் தராசு முள் நடுங்கும். முள் நடுங்கினால் மருந்து ஒரு துணுக்கு கூடிப்போகும், இல்லை குறைந்துபோகும். துணுக்கு என்றால் கடுகில் பாதி கூட இருக்காது. அந்தப் பாதிக் கடுகுக்காக, மொன்டானா மலையடிவாரத்து லார்ச் ஃபோர்க்கில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் பனி பூத்துக் கிடக்கும் மார்ச் மாதத்தில், அவர் மனைவி மேவிஸ் சமையலறையில் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு உரிப்பார்.

"முடிஞ்சுதா?"

"பேசாத. மூச்சுக்காத்து படுது."

"நான் சமையல்கட்டுல இருக்கேன், ஆரின்."

"தெரியுது. கதவிடுக்கு வழியா வருது."

இதைக் கேட்டு ஆரின் எல்லா விஷயத்திலும் இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்குச் சம்பளம் வருவது சாலை வேலையில். கோடையில் மண்சாலையைச் சமன் செய்யும் வண்டி ஓட்டுவார், குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி. அவர் சமன் செய்த சாலையில் போகிறவர்கள் பொய்ப்பல்லைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போவார்கள். யாராவது குறை சொன்னால், "ரோடுன்னா நாலு மேடு பள்ளம் இருக்கத்தான் செய்யும்," என்பார் பெருந்தன்மையாக. அந்தப் பெருந்தன்மை சமையலறையை ஒட்டிய கார் ஷெட்டின் மூலையில் இருக்கும் மேசை வரைக்கும்தான் வரும். மேசையில் தோட்டா செய்யும் அழுத்துப்பொறி, தராசு, மருந்து டப்பா. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, பொறியில் அழுத்தி, அளவுக்கு வெட்டி, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு பொருத்தி, மருந்து நிரப்பி, வாயில் குண்டை உட்கார வைப்பார். கடையில் தோட்டா வாங்குகிறவர்களை, அடுத்தவர் பல்துலக்கியைக் கடன் கேட்கிறவர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

ஊரில் அவருக்குப் 'புரொஃபசர்' என்று பேர். வைத்தவன் லைல் குச்டா, வீடு வீடாகச் சமையல் வாயு கொண்டுபோய் நிரப்பும் லாரிக்காரன். வைத்த இடம் டாட்டி கடை. காலை ஆறு மணிக்கு ஊரின் ஆண்கள் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் காபி குடிப்பார்கள். அந்தக் கடைச் சுவரில் ஆப்பிள் பை விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை. அட்டையின் நடுவில் ஒரு ஓட்டை. நூறு கெஜத்திலிருந்து ஆரின் சுட்ட மூன்று குண்டும் போன ஓட்டை அது. பத்து சென்ட் காசை வைத்தால் மறைந்துவிடும். ஆணி அடித்து மாட்டியதும் ஆரின்தான்.

"புரொஃபசர், அந்த அட்டை உங்களை என்ன செஞ்சுது? செத்தப்புறமும் ரெண்டு தடவை சுட்டிருக்கீங்க," என்பான் லைல்.

"உன்னால அதுல பாதி முடியுமாடா?"

"எனக்கு அட்டை பிடிக்காது. மெல்லவே முடியாது. நான் மான்தான் சுடுவேன்."

ஆரினும் மான் சுட்டிருக்கிறார். ஆனால் மான் வேட்டை அவருக்குக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதுவது போல. போக வேண்டும், போவார். மனசெல்லாம் மேசையிலேயே இருக்கும்.

மேவிஸ் வேறு ரகம். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் அவருக்கு வேலை. வசந்தகாலத்தில் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பும் எடுப்பார். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு அவர் 'டீச்சர்'. வகுப்பில் அவர் மறுபடி மறுபடி சொல்வது ஒன்று உண்டு: வேலி தாண்டுவதற்கு முன்னால் துப்பாக்கியில் ஒரு தோட்டாவும் இருக்கக் கூடாது. எடுத்து, காலி என்று பக்கத்தில் நிற்பவருக்குக் காட்டி, அப்புறம்தான் காலைத் தூக்க வேண்டும். அவரிடம் படித்தவர்கள் அப்பாவான பிறகும் முள்கம்பியைக் கண்டால் கை தானாக, தோட்டாவை ஏற்றி இறக்கும் போல்ட்டுக்குப் போகும். லைலும் அதில் ஒருவன்.

அந்த மேவிஸுக்கு அந்த வருஷம் மூஸ் சீட்டு விழுந்தது.

மூஸ் என்பது மான் ஜாதிதான், ஆனால் குதிரையைவிட உயரம். அதைச் சுடுவதற்கான அனுமதி குலுக்கலில் வரும். மகன் பிறந்த வருஷத்திலிருந்து மேவிஸ் விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். மகனுக்கு இப்போது முன்வழுக்கை. ஜூன் மாதம் வந்த கடிதத்தைத் தபால்பெட்டியடியிலேயே நின்று படித்துவிட்டு, உள்ளே வந்து ஆரின் கையில் கொடுத்தார்.

"படி. நான் படிச்சது சரியான்னு சொல்லு."

"காளை மூஸ் ஒண்ணு. உன் பேர்தான் போட்டிருக்கு."

மேவிஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காரும்போதே முகம் சுளித்தது. இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. அக்டோபர் இரண்டாவது வாரம் மிஸூலா நகரத்தில் ஆபரேஷன் என்று டாக்டர் தேதி குறித்திருந்தார். அதற்கப்புறம் சீசன் முடியும்வரை ஊன்றுகோல்தான். ஆகவே சீசன் தொடங்கும் செப்டம்பர் பாதியிலிருந்து அந்தத் தேதிக்குள் கிடைக்கும் சனி ஞாயிறுகள், அவ்வளவே. இந்தத் தடவை விட்டால் இன்னொரு சீட்டு விழுவதற்குள் மகனுக்குப் பின்வழுக்கையும் வந்துவிடும்.

ஆரினுக்கு வந்த சந்தோஷம் வேறு மாதிரி. மூஸின் நுரையீரல் துணி ஊறவைக்கும் தொட்டி அளவு இருக்கும். அந்தத் தொட்டியில் எங்கே பட்டாலும் மூஸ் விழும். ஆரின் அந்தத் தொட்டிக்குள் ஊசியில் நூல் கோக்கத் தயாரானார். மேவிஸின் பழைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஜூலை முழுக்க ஊருக்கு வெளியே ஜல்லிக் குழிக்குப் போனார். மருந்தை மாற்றினார், குண்டை மாற்றினார், கேப்பை மாற்றினார். மூன்று குண்டும் ஒரு கால் டாலர் காசுக்குள் அடங்கின. ஊரில் யாராக இருந்தாலும் அத்தோடு வீட்டுக்குப் போய்ப் பீர் குடித்திருப்பார்கள்.

ஆரின் குண்டின் நீளத்தில் கை வைத்தார். துப்பாக்கிக் குழலுக்குள் திருகு திருகாக வரிகள் ஓடும். கடைத் தோட்டாவில் குண்டு அந்த வரிக்குச் சற்றுப் பின்னாலேயே நிற்கும், சுட்டதும் தாவிப்போய் வரியைப் பிடிக்கும். குண்டைக் கூட்டிலிருந்து கொஞ்சம் வெளியே இழுத்து உட்கார வைத்தால், தோட்டா உள்ளே போகும்போதே குண்டின் தோள் வரியை முத்தமிட்டு நிற்கும். தாவல் இல்லை, தடுமாற்றம் இல்லை. சில துப்பாக்கிகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். மேவிஸின் துப்பாக்கிக்குப் பிடித்தது. மூன்றும் ஒரே ஓட்டை. ஆரின் ஜல்லிக் குழியில் தன்னந்தனியாக நின்று கை தட்டினார்.

முத்தமிட்ட குண்டு சில சமயம் திரும்பி வர மறுக்கும் என்பதுதான் தொல்லை. சுட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை. சுடாமல் தோட்டாவை வெளியே இழுத்தால் கூடு மட்டும் வரும், குண்டு வரியைக் கவ்விக்கொண்டு குழலிலேயே நின்றுவிடும், மருந்து பூராவும் துப்பாக்கிக்குள் கொட்டும். மேசை போட்டு அட்டையைச் சுடுகிறவருக்குப் போட்ட தோட்டாவைச் சுடாமல் எடுக்கும் வேலையே கிடையாது. அட்டை எங்கே ஓடிவிடப் போகிறது?

ஆகஸ்டில் ஒருநாள், மேவிஸ் கடைக்குப் போயிருந்த நேரம், ஆரின் ஷெட்டில் சோதித்துப் பார்த்தார். முதல் தோட்டா போட்டார், எடுத்தார், வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் கூடு மட்டும் வந்தது. துடைக்கும் கம்பியைக் குழலின் வாய்வழியே விட்டுக் குண்டைத் தள்ளி எடுத்தார். கொட்டிய மருந்தைத் துடைத்தார். மேவிஸின் கார் சத்தம் கேட்பதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். மறுநாள் குண்டை ஒரு மயிரிழை உள்ளே தள்ளிச் சுட்டுப் பார்த்தார். ஓட்டைகள் மூன்றாகப் பிரிந்துபோயின, கால் டாலர் காசுக்குள் மூன்று தனித்தனி ஓட்டை. அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். விவாகரத்துப் பத்திரத்தை அப்படித்தான் பார்ப்பார்கள்.

குண்டை மறுபடி வெளியே இழுத்துவிட்டார். "மூணுல ஒண்ணுதானே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாதிக் கடுகை மன்னிக்காத மனிதர் மூன்றில் ஒரு பங்கை மன்னித்துவிட்டார்.

மேவிஸ் கேட்காமல் இல்லை. "மூஸ் திரியற காட்டுல வேலிக்கு மேல வேலி. போட்டுப் போட்டு எடுக்கணும். எடுக்க வருமா இது?"

"வரும்," என்றார் ஆரின்.

முதல் வாரங்களில் அந்தக் கேள்வி எழவே இல்லை. மிருகத்தைக் கண்ணால் பார்க்கும்வரை மேவிஸ் குழலறையில் தோட்டா ஏற்ற மாட்டார், கண்ணில் பட்டதோ பெட்டை மூஸ்களும் அவற்றின் குட்டிகளும்தான். கடைசிச் சனிக்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்.

வெள்ளிக்கிழமை டாட்டி கடையில் லைல் சொன்னான்: "நான் நாளைக்கு வடக்கு கேட்டுப் பக்கம் காட்டுக்கோழிக்கு வரேன். மூஸ் விழுந்தா தூக்க ஆள் வேணுமில்ல?"

"வேணாம். நாங்க பாத்துக்கறோம்."

"டீச்சர் இடுப்பை வச்சுக்கிட்டு ஒரு தொடையைத் தூக்குவாங்களா? நீங்க ஒரு தொடையைத் தூக்குவீங்க. மீதி ரெண்டையும் அந்த அட்டை தூக்குமா?"

ஆரின் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை புல்லெல்லாம் உறைபனி. தெற்கு முகட்டுக்குப் பின்னால் வண்டியை விட்டுவிட்டு இருவரும் நடந்தார்கள். சுமை குறையட்டும் என்று துடைக்கும் கம்பியை ஆரின் வண்டியிலேயே வைத்துவிட்டார். தோட்டாவின் நீளம் அளக்கும் கருவியை மறக்காமல் எடுத்துக்கொண்டார். வெயில் ஏறும் நேரத்தில், பீவர்கள் அணை கட்டித் தேக்கிய குளத்துக்கு மேலே வில்லோ புதருக்குள் காளை நின்றது. சின்ன ஷெட் ஒன்று எழுந்து நிற்பது போல.

மேவிஸ் மெதுவாகத் தோட்டா ஏற்றினார். காளை அவர்களைக் கவனிக்கவில்லை. இரண்டு வாய் இலையைப் பறித்துத் தின்றுகொண்டே சரிவில் இறங்கிக் குளத்துப் பக்கம் மறைந்தது. பின்னாலேயே போனார்கள். குறுக்கே முள்கம்பி வேலி.

மேவிஸ் நின்றார். குழலை வானம் பார்க்கப் பிடித்து, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தார். கூடு வெளியே வந்தது, வாய் திறந்த கூடு. கருப்பு மருந்து பொலபொலவென்று துப்பாக்கிக்குள் கொட்டியது.

மேவிஸ் அதைப் பார்த்தார். கூட்டைப் பார்த்தார். ஆரினைப் பார்த்தார். ஆரின் வேலியைப் பார்த்தார்.

"ஆரின். குண்டு எங்க?"

"குழல்ல."

"இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சொல்லவும் வாயெடுத்தார். "மூணுல ஒண்ணுதான்," என்று வந்துவிட்டது.

மேவிஸ் குரலை உயர்த்தவில்லை. கீழே மூஸ் நிற்கிறதே. "கம்பி?"

"வண்டியில."

"வண்டிக்குப் போய் வர்றதுக்குள்ள மத்தியானம் ஆயிடும்." மேவிஸ் மோவாயால் வடக்கே காட்டினார். மரங்களுக்கு நடுவே லைலின் சிவப்பு வண்டி தெரிந்தது. "அது பக்கம்."

"நான் ஓடிப்போய் நம்ம..."

"உன் இஷ்டம்," என்று சொல்லிவிட்டு மேவிஸ் விழுந்து கிடந்த மரத்தின்மேல் உட்கார்ந்தார்.

ஆரின் நடந்தார். சற்றுத் தூரத்தில் மான் தடம் இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் தெற்கு முகடு, சொந்த வண்டி, சொந்தக் கம்பி, ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லை. வலது பக்கம் லைல். லைலிடம் போனால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் தெரிந்துகொள்ளும், திங்கட்கிழமை காலை டாட்டி கடை, பிறகு சாலைத் துறை. குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளும் வண்டியைக் கடக்கிறவர்கள் கார்க் கண்ணாடியை இறக்கி ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். ஆரின் திரும்பிப் பார்த்தார். மேவிஸ் குளத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், இடது இடுப்பில் முஷ்டியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கெட்ட வார்த்தை ஒன்றை மெதுவாகச் சொல்லிவிட்டு ஆரின் வலது பக்கம் திரும்பினார்.

லைல் வண்டியின் பின்பலகையில் காலை ஆட்டிக்கொண்டு சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"டேய் லைல், குழல் துடைக்கிற கம்பி இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"துடைக்க."

"மூஸைப் பாத்தீங்களா?"

"கீழ நிக்குது."

"மூஸ் நிக்குது, நீங்க துப்பாக்கி துடைக்கப் போறீங்க." லைல் யோசித்துப் பார்த்தான். "விருந்தாளி வந்தப்புறம் வீடு கூட்டுற மாதிரியா?"

ஆரின் சொல்லிவிட்டார். குண்டு, வரி, மூன்றில் ஒன்று, எல்லாம். சொல்லும்போது லைலின் முகத்தைப் பார்க்காமல் வண்டியின் டயரைப் பார்த்துச் சொன்னார். லைல் மெல்லுவதை நிறுத்தினான்.

"ஒரே ஓட்டைக்குள்ள போகும்னு சொன்னீங்களே புரொஃபசர். வெளிய வராதுன்னு சொல்லவே இல்லையே."

"கம்பி தரியா, இல்லையா?"

"தரேன். என் மான் துப்பாக்கியும் இருக்கு. கடைத் தோட்டா, பெட்டியோட. அதையும் எடுத்துக்கட்டுமா?"

ஆரின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்துக்கோ," என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருடைய ஒரு கோடைகாலம் பூராவும் செலவானது.

அவர்கள் வந்து சேரும்போது மூஸ் குளத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, தலையை உள்ளே விட்டுப் பாசி தின்றுகொண்டிருந்தது. தலையைத் தூக்கும், தண்ணீர் சொட்டச் சொட்ட மெல்லும், மறுபடி முக்கும். உலகத்தில் அதற்கு வேறு வேலை இல்லை.

மேவிஸ் வகுப்பில் செய்வதுபோலவே செய்தார். போல்ட்டைக் கழற்றி, துப்பாக்கியைக் கவிழ்த்து மருந்தை உதறி, ஊதி, கைக்குட்டையால் துடைத்து, கம்பியைக் குழலின் வாய்வழியே இறக்கினார். ஒரு தட்டு. செம்புக் குண்டு புல்லில் விழுந்தது. ஆரின் அதைக் குனிந்து எடுக்கப் போனார்.

"விடு," என்றார் மேவிஸ்.

விட்டார்.

"டீச்சர், என்னோடது இருக்கு," என்று லைல் தன் துப்பாக்கியை நீட்டினான்.

"பழகாத துப்பாக்கியால ஒரு மிருகத்தைச் சுடாதேன்னு உனக்குச் சொல்லிக் கொடுத்தேனா, இல்லையா?"

"கொடுத்தீங்க."

"அப்ப கீழ வை."

போல்ட்டைப் போட்டு வெறும் விசையை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். உள்ளே ஊசி சரியாகத்தான் விழுந்தது. காலி என்று இரண்டு பேருக்கும் காட்டினார். லைல் முள்கம்பியைத் தூக்கிப் பிடிக்க, ஒரு காலை இழுத்து இழுத்து வேலிக்கு அந்தப் பக்கம் போனார். குளத்தங்கரைப் புதரில் உட்கார்ந்து, முழங்காலில் முட்டுக்கொடுத்துக் காத்திருந்தார்.

"சுடலாமே," என்று ஆரின் மேவிஸின் காதோரம் கிசுகிசுத்தார்.

"தண்ணியில நிக்குது. தண்ணியில விழுந்தா உன் அப்பனா வந்து தூக்குவான்?"

மூஸ் நிதானமாகக் கரையேறியது. மேவிஸ் தோட்டாவை ஏற்றினார். "இதை இனி சுட்டுத்தான் எடுக்கணும். அப்படித்தானே?"

"மூணுல ரெண்டு தடவை..."

"வாயை மூடு, ஆரின்."

மூஸ் முதலில் பின்பக்கத்தைக் காட்டி நின்றது. மூன்று பேரும் அந்தப் பின்பக்கத்தை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாட்டி கடை வாசலிலிருந்து தபால் நிலையம் இருக்கும் தூரம் கூட இல்லை. "இந்தத் தூரத்துக்கு உருளைக்கிழங்கை விட்டெறிஞ்சாலே போதும்," என்று லைல் முணுமுணுத்தான். பிறகு மூஸ் ஒரு காலை எடுத்து வைத்துப் பக்கவாட்டில் திரும்பியது. மேவிஸ் மூச்சைப் பாதி விட்டுச் சுட்டார்.

மூஸ் திடுக்கிடவில்லை. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்த்தது. பிறகு யோசனையோடு நாலு எட்டு நடந்து, வந்த வழியே குளத்துக்குள் இறங்கி, ஆழமான இடமாகப் பார்த்து, முன்னங்காலை மடக்கிச் சாய்ந்தது. அலை கரைக்கு வந்து மேவிஸின் பூட்ஸை நனைத்தது.

மேவிஸ் துப்பாக்கியைக் காலி செய்து மரத்தில் சாய்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். கத்தியை எடுத்து, விதிப்படி, சீட்டில் அச்சிட்டிருந்த அன்றைய தேதியையும் மாதத்தையும் வெட்டி எடுத்தார். அதை ஜூன் மாதத்திலிருந்து நூறு முறை மனசுக்குள் வெட்டிப் பார்த்த கை, கோணாமல் வெட்டியது.

"ஆரின்," என்றார்.

"ம்."

"பூட்ஸைக் கழட்டு."

ஓரத்துத் தண்ணீரில் கண்ணாடிச் சில்லுபோல் பனி மிதந்தது. ஆரின் உள்ளாடையோடு இறங்கினார். இடுப்பளவில் ஒரு சத்தம் போட்டார், மார்பளவில் சத்தமும் வரவில்லை. லைல் தன் வண்டியிலிருந்து கொண்டுவந்த கயிற்றின் ஒரு நுனியை எறிந்தான். மறுநுனியைக் கரை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். ஆரின் தடவித் தடவிக் கொம்பில் முடிச்சுப் போட்டார். விரல்கள் தராசு முள்போல நடுங்கியதால் முடிச்சு மூன்றாவது தடவைதான் நின்றது.

"புரொஃபசர்," என்று லைல் கரையிலிருந்து கத்தினான். "அங்க இருக்கறப்பவே பாத்துச் சொல்லுங்க. குண்டு எங்க பட்டிருக்கு?"

ஆரின் தண்ணீருக்கடியில் கையைவிட்டு ஈரமயிரைத் தடவினார். முன்னங்கால் சப்பைக்குப் பின்னால், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், விரல்நுனி புகும் அளவுக்கு ஒரு ஓட்டை. வரைந்து காட்டச் சொன்னால் அந்த இடத்தில்தான் வரைவார். அதை எப்படிச் சொல்ல வேண்டும், எந்த வார்த்தையில் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் ஜூலையிலிருந்தே அவரிடம் தயாராக இருந்தது. கரையைப் பார்த்தார். மேவிஸ் மடக்க முடியாத காலை நீட்டி உட்கார்ந்து, தலை நிமிராமல் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"பட்டிருக்கு," என்றார் ஆரின், பல் கிடுகிடுக்க. "இழு."